விற்பனைக்கு இல்லாத கொம்பியூட்டர்

பழைய சாமான் ஒன்றின் குறைகளை மறைப்பவர் விற்பவர், தோண்டி எடுப்பவர் வாங்குபவர் என்பது உலகெங்கும் பரவியிருக்கும் நம்பிக்கை. அது பெரும் பிழை என்பதை மிகுந்த பொறுப்புடன் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. எண்பத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசியில், மருதனார்மடத்தில், ஒரு கொம்பியூட்டரின் குறைகளை அதன் சொந்தக்காரியே ஒன்று விடாமல் சொன்னார்.

"நிறம் வராது, பிள்ளை. கறுப்பு வெள்ளைதான்."

"எங்கடை வீட்டு ரி.வி.யும் கறுப்பு வெள்ளைதான், அம்மா," என்றாள் சிசிலியா.

"மூண்டு எழுத்து அமத்தினாலும் வேலை செய்யாது."

"மிச்ச எழுத்துகள் இருக்குத்தானே?"

"கசற் போட்டால் நாடாவை இழுத்துச் சாப்பிடும்."

சிசிலியா சிரித்தாள். அவள் கம்பசில் முதலாம் வருடம். குருநகர்க் கடற்றொழிலாளி சிமியோனின் மகள். ரி.வி.யில் பொருத்தி விளையாடும் கொம்பியூட்டர் ஒன்றுக்காக இரண்டு வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுத்துக் காசு சேர்த்திருந்தாள். விளையாட மட்டுமல்ல. பாறைகளுக்குள் வளைந்து வளைந்து ஒரு வள்ளம் கரை சேரும் விளையாட்டைத் தானே எழுதி வைத்திருந்தாள். சதுரக் கோட்டுக் கொப்பியில் நாற்பது பக்கம். ஓட்டிப் பார்க்கத்தான் மெஷின் இல்லை.

அவளைக் கூட்டி வந்தவர் தரகர் தம்பிஐயா. காணி, சைக்கிள், தையல் மெஷின், கலியாணம், எதையும் பேசி முடிப்பார். அவர் காதில் விழுந்தது எதுவும் சந்தை கலைவதற்குள் ஊர்ச் சொத்தாகிவிடும்.

"என்ன கனகமக்கா உது?" என்றார் அவர். "உங்கடை பெடியன் ஜேர்மனிக்குப் போய் ஒரு மாசம். சாமான் சும்மா கிடக்கு. குடுத்தால் என்ன?"

கனகாம்பிகை சேலைத் தலைப்பைத் திருகினார். "பிள்ளை எந்த இடம்?"

யாழ்ப்பாணத்தில் இது புவியியல் கேள்வி அன்று, சாதிக் கேள்வி.

"குருநகர்," என்றாள் சிசிலியா, நாடியை நிமிர்த்தி.

"இடத்தைக் கேளாதேங்கோ அக்கா, காசைக் கேளுங்கோ," என்றார் தம்பிஐயா. "வா பிள்ளை, உள்ளுக்கை போய் ரி.வி.யிலை போட்டுப் பாப்பம்."

கனகாம்பிகையின் கை சட்டென்று வாசலுக்குக் குறுக்கே வந்தது.

"உள்ளுக்கை வேண்டாம். இஞ்சையே நில்லுங்கோ. நான் கொண்டு வாறன்."

குருநகர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கையைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். விறாந்தையில் மூன்று கதிரைகள் இருந்தன. இருக்கச் சொல்லவில்லை. சிசிலியாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. கேட்கிற விலையைக் கொடுத்து, இந்தச் சாமானை இந்தக் கைக்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு போவதென்று முடிவு கட்டினாள்.

உள்ளே கதவொன்று திறந்து மூடுகிற சத்தம். நேரம் எடுத்தது. பிறகு பழஞ்சேலைத் துண்டில் சுற்றிய கொம்பியூட்டர் வந்தது.

சிசிலியா அதை வாங்கி, விறாந்தைப் படியில் இருந்து, மடியில் வைத்து அவிழ்த்தாள்.

அடிப்பக்கம் சுட்டது.

அதற்குக் கரண்ட் கொடுக்கும், வயரோடு வந்த கறுப்புப் பெட்டியைத் தொட்டாள். அது இன்னும் சூடாக இருந்தது. ஒரு மணித்தியாலமாவது ஓடியிருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தாள். கனகாம்பிகையின் கண் அவளில் இல்லை. தம்பிஐயாவில் இருந்தது.

அந்த மாதம் இந்திய இராணுவத்தோடு நின்ற இயக்கத்தார் வீதியில் அகப்பட்ட பெடியன்களைப் பிடித்து லொறியில் ஏற்றி, தலையை மழித்து, கையில் துவக்கைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் அதைப் பிள்ளைபிடி என்றது. வளர்ந்த பெடியன் உள்ள வீடுகள் இரண்டு வகையாகியிருந்தன: வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகள், அனுப்பியதாகச் சொன்ன வீடுகள்.

பூட்டிய அறைக்குள் பகல் முழுக்கக் கிடக்கும் ஒருவனை வெளியே ஓடவிடாமல் வைத்திருக்கிற ஒரே சாமான் தன் மடியில் இருக்கிறது என்பது சிசிலியாவுக்கு விளங்கியது.

தம்பிஐயா வெற்றிலையைத் துப்ப வேலிப் படலைப் பக்கம் போனார்.

"சூட்டோடை துணியாலை சுத்தாதேங்கோ, அம்மா," என்றாள் அவள் மெல்ல. "ஆற விட்டு வையுங்கோ."

கனகாம்பிகை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பிள்ளை..."

"விளங்குது. கதையாதேங்கோ."

தம்பிஐயா திரும்பி வந்தார். "என்ன, முடிஞ்சுதோ? விலை என்னவாம்?"

"விக்கேல்லையாம்."

"ஏனாம்? பழுதெண்டால் பழுதின்ரை விலை. சும்மா கிடக்கிற சாமானை ஏன் விக்கேல்லையாம்?" அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். விடை கிடைக்காத கேள்வியோடு அவரை அனுப்பினால், விடை கிடைக்கும் வரை சந்தையில் நாலு பேரிடம் கேட்பார்.

சிசிலியா எழுந்தாள். வீதிக்கே கேட்கக் கத்தினாள்.

"எங்கடை ஆக்களுக்கு விக்க உவவுக்கு மனமில்லையாம்! வாசலுக்குள்ளை விடாதவை சாமான் தருவினமோ? உவையின்ரை வீட்டுத் தண்ணியும் எனக்கு வேண்டாம்! வாங்கோ அண்ணை, போவம்!"

தம்பிஐயாவின் முகம் தெளிந்தது. "இடம் கேக்கேக்கையே நான் நினைச்சனான்! உண்மையோ, அக்கா?"

கனகாம்பிகை தலை குனிந்து நின்றார்.

"ஓம்," என்றார். "நாங்கள் அப்பிடித்தான்."

சிசிலியா காசையும் கொப்பியையும் கொண்டுவந்தபடியே கொண்டு போனாள். வழி நெடுக, காண்கிற எல்லோருக்கும் சைக்கிளை நிறுத்தி நிறுத்தித் தம்பிஐயா கதையைச் சொன்னார். அவள் ஒவ்வொரு முறையும் ஓம் என்றாள்.

அடுத்த கிழமையிலிருந்து, குருநகரிலிருந்து மீன் கொண்டு போகும் சைக்கிள்களில் ஒன்றும் கனகாம்பிகை வீட்டுப் படலையில் நிற்கவில்லை.