காபூல் காய்ச்சல்

"நீ மேலயே நில்லு பாகீரதி. இதுக்குக் கீழ வராதே" என்றார் பெரியவர்.

பேத்தி கேட்பதாக இல்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முழங்கையை இறுகப் பிடித்தாள். தலைநகரம் கல்கத்தாவை விட்டு டில்லிக்குப் போய்விட்டாலும் கங்கை எங்கேயும் போய்விடவில்லை. மஹாளய அமாவாசைக்குப் பாபு காட் படிகளில் கால் வைக்க இடமில்லை.

"முட்டி வீங்கி ரெண்டு மாசமா நடக்க முடியல. சேத்துல வழுக்கி விழுந்தா யாரு தூக்குறது?"

"இத்தனை வருஷம் தனியாத்தானே வந்தேன்."

"இந்த வருஷம் நானும் வரேன். உங்க கங்கையை நான் குடிச்சுட மாட்டேன்."

தண்ணீர் விடும் நேரத்தில் அவள் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால், தாத்தா என்று உருகும் அந்தப் பாசம் இந்தப் படியிலேயே கரைந்து ஆற்றோடு போய்விடும். அந்தப் பயத்தில்தான் அவர் வருடா வருடம் வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன்பே கிளம்பி வந்துவிடுவார்.

பழைய வாத்தியார் மந்திரத்தை முணுமுணுத்தே முடித்துவிடுவார். அவர் பங்குனியில் காலமாகிவிட்டார். புதிதாக வந்திருந்த சிவராமகிருஷ்ண வாத்தியாருக்கு வெண்கலத் தொண்டை. அக்கரை ஹௌராவுக்கே கேட்கும்.

"சந்தானம் பிள்ளை, இப்படி வாங்கோ."

பெரியவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தானம் பிள்ளை, உங்களைத்தான்."

பாகீரதி அவர் தோளைத் தொட்டாள். "பேரைச் சொன்னா ரெண்டு தரம் கூப்பிடணும் சாமி. தாத்தான்னா மட்டும் மெதுவாச் சொன்னாலும் திரும்பிடுவார். எங்க தெருவுல எல்லாரும் ஹவில்தார்னுதான் கூப்பிடுவாங்க."

வாத்தியார் தர்ப்பையைப் பரப்பினார். "சொந்த பந்தமா, காருண்யமா? ரத்த சம்பந்தம் இல்லாதவாளுக்குன்னா காருண்யம்."

பெரியவர் வாயைத் திறக்கும் முன் பாகீரதி முந்திக்கொண்டாள். "சிநேகிதருக்கு சாமி. காபூல் சண்டையில தாத்தாவும் அவரும் ஒரே கூடாரம். கைபர் கணவாய்ல ஒரு ராத்திரி பாரா நிக்கிற முறை தாத்தாவுக்கு. எந்திரிக்க முடியாம காய்ச்சல். 'நீ படுடா, நான் நிக்கிறேன்'னு துப்பாக்கியை எடுத்துக்கிட்டு அவர் போனாராம். விடிஞ்சு பாத்தா, மார்ல குண்டு பட்டுப் பனியில கெடந்தாராம்."

"அடடா."

பெரியவர் குனிந்து வேட்டியை மடித்துக்கட்டுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தக் காய்ச்சல் அவருக்கு இன்னும் இறங்கவில்லை. அன்று உடம்பை நடுக்கியது காய்ச்சல் மட்டும்தானா, பாதி பயமா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

"அதுலேர்ந்து தாத்தா காய்ச்சல்னு படுத்ததே இல்ல. சாந்த்ராகாச்சி ரயில் யார்டுல காவல் வேலை பாத்தப்போ, உடம்பு நெருப்பாக் கொதிச்சாலும் தன் முறையை இன்னொருத்தனுக்குக் கொடுக்க மாட்டார்."

"குடும்பம்?"

"பாட்டி பிரசவத்துலயே போயிட்டாங்க. எங்கம்மா பக்கத்து வீட்டுல வளந்துகிட்டிருந்தாங்க. சண்டை முடிஞ்சு வந்தவர், கொழந்தையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுக் கல்கத்தாவுக்குக் கப்பலேறிட்டார். அப்புறம் ஊர்ப்பக்கம் தலைவச்சுப் படுக்கல. இன்னொரு கல்யாணமும் கட்டிக்கல. எங்கம்மாவுக்குத் தலை பின்னிவிட்டது, சோறு பொங்கிப் போட்டது எல்லாம் இவர்தான். அம்மா போனப்புறம் எனக்கும் அப்படியே. இப்படி ஒரு தாத்தா யாருக்கு சாமி வாய்ப்பார்?"

"பூர்வஜன்ம புண்ணியம்" என்றார் வாத்தியார்.

"போதும்மா" என்றார் பெரியவர்.

"புகழ்ந்தா இவருக்குப் பிடிக்காது. தேள் கொட்டின மாதிரி மூஞ்சியை வச்சுக்குவார்" என்று சிரித்தாள் பேத்தி.

வாத்தியார் அவர் உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் வார்த்தார். "இறந்தவரோட பேரைச் சொல்லுங்கோ. நன்னா ஞாபகப்படுத்திச் சொல்லணும். பேர் தப்பினா ஜலம் போய்ச் சேராது."

பெரியவர் பேத்தியின் பக்கம் திரும்பினார். "மேல செருப்பு கெடக்கு. எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிடுவான். நீ போய்..."

"உங்க செருப்பை எடுத்தவன் அதைத் தைக்கிறதுக்குள்ள ஓட்டாண்டியாயிடுவான்" என்றாள் பாகீரதி. வாத்தியாரிடம் திரும்பினாள். "பேரு மஹாதேவன் சாமி. சிவ கோத்திரம். தூக்கத்துலகூட தாத்தா சிலசமயம் அந்தப் பேரைச் சொல்லித் திட்டுவார், 'ஏன்டா போனே'ன்னு நெனைச்சோ என்னவோ."

"சிவ கோத்ரம், மஹாதேவ நாமதேயம்..." வெண்கலக் குரல் படித்துறையெங்கும் எழுந்தது. "ம், ஜலத்தை விடுங்கோ."

கை சாயவில்லை.

விட்டுவிட்டால் முடிந்தது. பாகீரதி இதேபோல் முழங்கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போவாள். தலை துவட்டிவிட்டு, முட்டிக்கு எண்ணெய் சுட வைப்பாள். பனியில் கிடந்தவன் மட்டும் இந்த வருடம் தாகத்தோடு காத்திருப்பான். தனக்காக அவனை ஒருமுறை நிற்க வைத்தது போதாதா?

"சந்தானம் பிள்ளை, ஜலத்தை விடுங்கோ." வாத்தியார் இரண்டாம் முறையும் சொன்னார்.

பெரியவர் உள்ளங்கையை மூடினார். பேத்தியின் பிடியிலிருந்து முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"சந்தானம்னு சொல்லுங்க சாமி. மஹாதேவன் இன்னும் சாகல."