திரும்பி வந்த புருஷன்

தண்ணீர் குடிக்கப் போன வெள்ளைக்காலியின் புருஷன் வருஷம் ஒன்றாகியும் திரும்பவில்லை. வேறு கூட்டத்தோடு போய்விட்டான் என்று மற்றக் காட்டெருமைகள் பேசின. அவள் நம்பவில்லை.

ஒருநாள் அவன் புல்வெளியில் வந்து நின்றான். அதே கொம்பு, அதே கிழிந்த காது. உள்ளே இருந்தது ஒரு வேடன். தோலைப் போர்த்தித் தவழ்ந்து வந்தால் ஈட்டி எறிய வசதி என்பது அவன் எண்ணம்.

"தண்ணி குடிக்க ஒரு வருஷமா?" என்றாள் வெள்ளைக்காலி.

வேடன் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எப்பவும் இப்படித்தான். கேட்டா வாயே திறக்க மாட்டார்!"

"அத்தான் ரொம்ப இளைச்சுட்டார் அக்கா," என்றாள் அவள் தங்கை கருங்கொம்பி. "பின்னங்கால் நடுங்குது பாரு. போன இடத்துல எவளாவது புல்லு கொடுத்தாளோ என்னவோ!"

பார்க்க வந்த கூட்டம் நெருக்கியடித்தது. ஈட்டியைத் தூக்க வேடனுக்கு இடமில்லை.

திரும்பி வந்தவரைக் கழுத்தில் நக்குவது அவர்கள் வழக்கம். வெள்ளைக்காலி குனிந்தாள். புகை நாற்றம், மனித வேர்வை. தோலுக்கடியில் இரண்டு கண்கள் மிரண்டு பார்த்தன. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கொம்பை அவன் நெஞ்சில் வைத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "அவரை இங்கே வெச்சுட்டு ஓடு."

வேடன் தோலையும் ஈட்டியையும் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான்.

"அய்யய்யோ, யாரக்கா அது, ரெண்டு காலால ஓடுறது?"

வெள்ளைக்காலி தோலின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"உன் அத்தானைக் கொண்டாந்து விட்டுட்டுப் போறாண்டி."