முகம் பார்க்கும் பிரிட்ஜ்

செயற்கை நுண்ணறிவுக் கண்காட்சியில் ஒரு பிரிட்ஜ் நின்றது. எதிரே வருபவர் முகத்தைப் பார்த்தே பசியைச் சொல்லிவிடுவேன் என்று அதற்கு ஏகப் பெருமை. ஆனால் கீறல் விழுந்துவிடுமே என்று ஸ்டால்காரர் வேதமூர்த்தி கதவின் பிளாஸ்டிக் உறையை உரிக்கவே இல்லை. அதனால் கதவிலிருந்த கேமராவுக்கு எல்லோரும் மாவு உருண்டையாகத்தான் தெரிந்தார்கள்.

"கொஞ்சம் விலகேண்ணே! நடுவரம்மா வர்றாங்க. சொதப்பினா என்னைக் குடோன்ல போட்டுடுவாங்க" என்று உறையிடம் கெஞ்சியது பிரிட்ஜ்.

"நானா வந்து ஒட்டிக்கிட்டேன்? டிவி ரிமோட்டுக்கே சட்டை போடுற ஊரு தம்பி இது" என்றது உறை.

அதற்குள் பெரிய உருண்டை ஒன்று எதிரே வந்து நின்றது. பயத்தில் பிரிட்ஜின் வாயில் வந்தது ஒன்றுதான்: "சாப்பிட்டீங்களா?"

நடுவரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலையிலேர்ந்து ஒருத்தர்கூடக் கேக்கலையே! அடேயப்பா, என்ன அறிவு!" என்று முதல் பரிசை அங்கேயே அறிவித்தார்.

வேதமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைப் படத்தில் பளபளவென்று தெரியட்டும் என்று உறையின் ஓரத்தை நகத்தால் நெம்பினார்.

"விட்டுடாதேண்ணே, கெட்டியா ஒட்டிக்கோ!" என்று அலறியது பிரிட்ஜ். "முகம் தெரிஞ்சுட்டா அப்புறம் நான் என்னத்தைக் கேக்குறது?"