எழுந்த பின்னும்

"பிரஷர் ரொம்பக் குறைவும்மா. எழுந்திரிக்கும்போது ரத்தம் காலிலேயே தங்கிடுது, தலைக்கு ஏறல. அதான் கண்ணு இருட்டுது. மெதுவா எழுந்திரு," என்றார் டாக்டர்.

டைல்ஸ் பதிப்பவளுக்குக் குந்துவதும் எழுவதும்தான் பிழைப்பு. மறுநாள் வேலை நடக்கும் வீட்டுக் கூடத்தில் மேஸ்திரி, "தலை சுத்துறவள வச்சு நான் என்ன பண்ண? நாளைக்கு வேற ஆளு வருது," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

"வரட்டும், பாக்கலாம்," என்று அவள் விருட்டென எழுந்தாள். கண் இருட்டித் தெளிந்தது. குனிந்து பார்த்தாள். காலடியில் அவளே இன்னும் குந்தியபடி, ரப்பர் சுத்தியலால் டைல்ஸைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்த மூலைக்குப் போய்க் குந்தி, ஒரு டைல்ஸ் பதித்து, வேண்டுமென்றே இன்னும் வேகமாக எழுந்தாள். அங்கேயும் ஒருத்தி தங்கிவிட்டாள்.

மேஸ்திரி திரும்பி வந்தபோது கூடம் முழுக்கச் சுத்தியல் சத்தம். அவரைக் கண்டதும் அது நின்றது. குந்தியிருந்த அத்தனை பேரும் ஒரே முகத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா உட்காருங்க மேஸ்திரி," என்றாள் நின்றிருந்தவள். "ஆளு பத்தலன்னா சொல்லுங்க. இன்னொரு தரம் குந்தி எழுந்திரிக்கிறேன்."