சீர் அரிசியில் அந்து

“ஏட்டி வெள்ளத்தாய், உங்கப்பன் தலைப்பொங்கலுக்கு அரிசி அனுப்புனாரா, பூச்சி வளத்து அனுப்புனாரா?”

சீனியம்மாள் வாயைத் திறந்தால் எதிர்வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். இதில் சுவாரசியம் கூட. அன்றைக்கும் அணைத்தார்கள்.

சம்பந்தி வீட்டு மூட்டையைப் பிரித்ததிலிருந்து அடுப்படி முழுக்கப் பூச்சி. குழம்பில் இரண்டு விழுந்தாயிற்று. மூன்றாவது, சீனியம்மாளின் மூக்குத்தியிலேயே உட்கார்ந்து பார்த்தது.

“இங்க வந்த பொறவு விழுந்திருக்கும், அத்தை” என்றாள் புது மருமகள்.

“அப்ப என் வீடு சுத்தமில்லங்கியா? ஏ ஞானதுரை தம்பி! செத்த வந்துட்டுப் போங்க!”

பக்கத்து வீட்டு ஞானதுரைக்கு விவசாய ஆபீஸில் வேலை. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தவர், ஒரு பூச்சியைப் பிடித்து, விரலில் ஒட்டிய சாம்பல் பொடியைப் பார்த்தார்.

“அந்துப்பூச்சி, அக்கா. முட்டை பொரிஞ்சு புழுவாகும். அது அரிசிய நூலாக் கட்டித் தின்னு, கூடு கட்டி, இப்படிப் பறக்க ஒன்றரை மாசம் ஆகும்.”

“சீர் வந்து எத்தன நாளுட்டி?”

“பத்து…” என்றாள் வெள்ளத்தாய்.

“கேட்டீகளா தம்பி! வாசப்படி ஏறும்போதே உள்ள புழு இருந்திருக்கு. ஏட்டி, நாளைக்கு மொத பஸ்ல மூட்டையும் உங்கப்பன் ஊரு கூமாப்பட்டிக்குப் போகுது, நீயும் போற. நல்ல அரிசியோட வந்தா வா. இல்லாட்டி அங்கனயே கெட!”

மருமகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சீனியம்மாளின் கணவர் உக்கிரபாண்டி, சட்டைப் பொத்தானை விட்டுவிட்டுக் குறுக்கே வந்தார்.

“போதும், விடு.”

“ஏன் விடணும்? கெட்ட அரிசின்னு தெரிஞ்சே சாக்கு மாத்தி நம்ம தலையில கட்டியிருக்கான். இப்படிப் பண்ணுனவன் வெளங்குவானா? அவனுக்குப் புத்தி சொல்லிக்குடுத்தவதான் வெளங்குவாளா?”

உக்கிரபாண்டி ஞானதுரையைப் பார்த்தார், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“மெதுவாப் பேசு. நம்ம அரிசிக்கடையில பூச்சி விழுந்து கெடந்த மூட்டைய, சாக்கு மாத்தி எவன்கிட்டயாவது தள்ளிவிடுங்கன்னு போன மாசம் நீதான சொன்ன? வெளச்சல் இல்லாம, மறுநா கடை தொறந்ததும் மொத ஆளா சீருக்கு அரிசி வாங்க வந்தவரு நம்ம சம்பந்திதான்!”