நேற்று சாயங்காலத்துப் பட்டியல்

ஜன்னல் கண்ணாடி பாதி உடைந்து நிற்கிறது. காலையில் வெடித்த மருந்து அறையின் கந்தக வாடை, பட்டாசுக் கம்பெனி அலுவலகத்துக்குள் இன்னும் அடங்கவில்லை. அந்த வெடியில் செத்த இருளம்மாள் இன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் பெயரைக் கணினியில் ஏற்றியவள் ரோஜா. "நேத்து சாயங்காலம் எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணிரும்மா. இன்னைக்கு ஏத்துனதெல்லாம் தானாப் போயிரும்," என்கிறார் மேனேஜர் மணிகண்டராஜ், டீயை ஆற்றியபடி. ரோஜா அழுத்துகிறாள். பச்சைக் கோடு திரையில் நிதானமாக நிறைகிறது. இருளம்மாளின் புருஷன் சங்கிலிமுத்து ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறார். "அவ வேலைக்கே வரலைங்காக தாயி. நீ பாத்துச் சொல்லு." மேனேஜர் திரையை அவர் பக்கம் திருப்புகிறார். சங்கிலிமுத்து உடைந்த கண்ணாடி வழியே கையை நீட்டி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படிக்கிறார். பட்டியல் முடிகிறது. "இன்னுங் கீழ போ தாயி," என்கிறார்.