போனில் வந்த முருகன்

"மலர், போனைத் தொறந்தா முருகன்தான் வர்றாரு," என்றார் திருச்செல்வம், புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் வராததுமாக.

"தற்செயலா வந்திருக்கும்லா," என்றாள் மனைவி தேவமலர்.

"முன்னெல்லாம் ஃபுட்பாலும் மீன் பிடிக்கிறதும்தான் வரும். இப்ப தள்ளத் தள்ளக் காவடி, பால்குடம், வேல்! நான் ஒண்ணுகூடத் தேடலை. அவரேதான் கூப்பிடுறாரு. மாசி மகத்துக்குக் காவடி எடுக்கிறேன். இன்னையிலிருந்து விரதம்."

"விரதம்னா தண்ணி கூடாதே?"

"அதையும் விட்டாச்சு!"

ஐஸ்பெட்டியிலிருந்த பீர் டின்களை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு நாகமுத்துவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை நாகமுத்துவின் மனைவி கமலவேணி வேலியோரம் வந்து நின்றாள்.

"உன் வீட்டுக்குச் சாமி வந்துச்சு, என் வீட்டுக்குப் பீர் வந்துச்சு. நல்லா இருக்குலா உங்க பக்தி!"

தேவமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு குளிக்கப் போனா எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி ஆகும். ஏன்?"

"போனை வெளியதானே வச்சிட்டுப் போவாரு? தினமும் அந்த நேரத்துல அதுல முருகன் வீடியோவாப் பாத்து லைக் போடுங்க. மிச்சத்தைப் போனே பாத்துக்கும்."